மேல் அணை மாசுபட்டதா? மூன்று நீர்த்தேக்கங்களின் விலங்கு மிதவை உயிரிகள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நீலகிரியின் மேட்டில் பெய்யும் மழை சமவெளிக்கு வந்து சேர்வதற்குள் பல அணைகளில் தங்கிவிட்டுத்தான் வருகிறது. மேல்பவானி, அவலாஞ்சி, எமரால்டு போன்ற நீர்த்தேக்கங்கள் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்திலும் அதற்கு மேலும் இருக்கின்றன. அங்கிருந்து குந்தா நீர்மின் நிலையங்கள் வழியாக இறங்கும் தண்ணீர் மலையடிவாரத்தில் பில்லூரில் தேங்குகிறது. அப்புறம், 1955-ல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகருக்குப் போகிறது. மேலே டிசம்பர், ஜனவரியில் புல்வெளியில் உறைபனி படியும். கீழே மழை மறைவுப் பகுதியின் வெயில். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கோவை நகரத்துக்கு ஓராண்டு முழுவதும் சராசரியாகக் கிடைக்கும் மழையைவிட அது அதிகம்.

ஒரு நாள் பயண தூரத்துக்குள் இத்தனை வேறுபட்ட காலநிலைகள் இருப்பதால், வெப்பமும் மழையும் நீர்நிலை உயிர்களை எப்படி மாற்றுகின்றன என்று பார்க்க இந்தப் பகுதி மிகவும் ஏற்றது. இங்கே பதிவு செய்யும் நிகழ்வும் நீலகிரியிலும் அதைச் சுற்றியும் உள்ள மூன்று நீர்த்தேக்கங்களைப் பற்றியது. ஒன்று மலை மேல், ஒன்று அடிவாரத்தில், ஒன்று சமவெளியில். சம்பந்தப்பட்டவர்களை அடையாளம் காட்டக் கூடாது என்பதால் அணைகளின் பெயரைச் சொல்லாமல் மேல் அணை, நடு அணை, கீழ் அணை என்றே எழுதுகிறேன்.

ஆய்வுப் பொருள் விலங்கு மிதவை உயிரிகள். தண்ணீரில் மிதந்தபடி வாழும், பெரும்பாலும் வெறுங்கண்ணுக்குத் தெரியாத சிறு விலங்குகள் இவை. நன்னீரில் மூன்று கூட்டங்கள் முக்கியமானவை: ரோட்டிஃபர்கள், நீர்த்தெள்ளு என்று நாம் சொல்லும் கிளாடோசெராக்கள், கோபிபாடுகள். பாசியை இவை தின்கின்றன, இவற்றை மீன்குஞ்சுகள் தின்கின்றன. கட்லா மீனோ வளர்ந்த பிறகும் இவற்றையே முக்கிய உணவாகக் கொள்கிறது. அதனால் நீர்த்தேக்கத்தில் மீன் வளர்ப்பவர்களுக்கும் குடிநீர் எடுப்பவர்களுக்கும் இந்தச் சிறு உயிர்கள் மேல் அக்கறை உண்டு.

முதல் அறிக்கை

ஒரு கல்லூரியின் ஆய்வு மாணவி, வழிகாட்டிப் பேராசிரியரின் மேற்பார்வையில் மூன்று அணைகளிலும் மாதிரி எடுத்து அறிக்கை எழுதியிருந்தார். நீர்த்தேக்க மீன்வளம் தொடர்பான ஓர் அலுவலகம் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கியிருந்தது. எந்த அணையில் எத்தனை மீன் விரலிகளை (விரல் நீளம் வளர்ந்த குஞ்சுகளை) விடலாம், எதில் நீர்த் தரத்தைக் கவனிக்க வேண்டும் என்று முடிவெடுக்க அவர்களுக்கு ஒரு பக்கச் சுருக்கம் தேவைப்பட்டது. அதை அனுப்பும் முன் ஒருமுறை படித்துப் பார்க்கும்படி என்னிடம் தந்தார்கள். இந்த நிகழ்வில் என் பங்கு அங்கேதான் தொடங்கியது.

சுருக்கத்தில் மூன்று அணைகளும் தரவரிசையில் இருந்தன. கீழ் அணை முதலிடம், 'நல்ல நிலை'. நடு அணை இரண்டாவது. மேல் அணை கடைசி, 'மிதமான மாசு'. ஆதாரமாகச் சொல்லப்பட்டது ஷானன் பன்மைக் குறியீடு. எத்தனை இனங்கள் உள்ளன, அவை எவ்வளவு சமமாகப் பங்கிட்டுள்ளன என்பதை ஒரே எண்ணாகத் தரும் அளவு அது. கீழ் அணையில் அதிக இனங்கள் கிடைத்திருந்தன, குறியீட்டு எண்ணும் அதிகம். மேல் அணையில் இனங்கள் குறைவு, குறியீட்டு எண்ணும் குறைவு. குறியீட்டில் 3-க்கு மேல் என்றால் தூய நீர், 1 முதல் 3 வரை மிதமான மாசு, 1-க்குக் கீழே கடும் மாசு என்ற அளவுகோலை அறிக்கை பயன்படுத்தியிருந்தது.

கணக்கில் பிழை எதுவும் இல்லை. மாணவி மிகுந்த உழைப்போடு எண்ணியிருந்தார். ஆனால் அதே அறிக்கையின் பின்னிணைப்பில் வேறு செய்திகள் இருந்தன. நீரின் தெளிவை அளக்கக் கயிற்றில் கட்டி இறக்கும் செக்கித் தட்டு, மேல் அணையில் பல மீட்டர் ஆழம் வரை தெரிந்தது. கீழ் அணையில் ஒரு மீட்டரைத் தாண்டவில்லை. தண்ணீர் தெளிவாக இருக்கும் அணைக்கு மாசு முத்திரையும், கலங்கிப் பச்சையாக இருக்கும் அணைக்கு நல்ல பெயரும் கிடைத்திருந்தன. கீழ் அணையில் மாணவிக்குப் பரிசல் ஓட்டிய பெரியவர் சொன்னதும் களக் குறிப்பேட்டில் எழுதப்பட்டிருந்தது: "வெயில் காலத்துல வந்து பாருங்கம்மா, தண்ணி பச்சைப் பெயிண்ட் ஊத்தின மாதிரி கெடக்கும்." அந்த வரி சுருக்கத்துக்குள் வரவில்லை.

அளவுகோல் எங்கிருந்து வந்தது

முதலில் பார்க்க வேண்டியிருந்தது அந்த 1, 3 என்ற எல்லைகளைத்தான். வில்ம், டோரிஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1968-ல் முன்வைத்தவை அவை. ஓடைகளின் அடித்தரையில் வாழும் பூச்சிப் புழுக்கள் போன்ற முதுகெலும்பிலிகளை வைத்து அவர்கள் அதை வகுத்தார்கள். ஓடும் நீரில், கல்லோடும் மண்ணோடும் ஒட்டி வாழும் உயிர்களுக்கான எல்லை அது. தேங்கிய நீரில் மிதக்கும் உயிர்களுக்கு அது பொருந்தும் என்று அவர்கள் சொல்லவில்லை. இருந்தும் நம் நாட்டில் ஏரி, குளம், அணை என்று எல்லாவற்றுக்கும் அதே எல்லைகளைப் பொருத்திப் பார்க்கும் வழக்கம் வந்துவிட்டது. ஒரு ஆய்வேட்டிலிருந்து இன்னொன்றுக்கு அட்டவணையாகவே அது கை மாறுகிறது. மூலத்தைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். ஒரு தவறான 'மாசு' முத்திரையால் ஒரு நீர்நிலைக்குச் செலவாகும் பணமும் கவனமும் வேறு எங்கோ போய்விடுகின்றன.

இன்னொரு சிக்கல் மடக்கை. வில்ம், டோரிஸ் இருவரும் 2-ஐ அடியாகக் கொண்ட மடக்கையில் கணக்கிட்டார்கள். மாணவியின் கணினி நிரல் இயற்கை மடக்கையில் கணக்கிட்டது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சிறியதல்ல. 2-ன் அடியில், எல்லா இனமும் சம எண்ணிக்கையில் இருந்தால் வெறும் 8 இனங்களிலேயே குறியீடு 3-ஐத் தொட்டுவிடும். இயற்கை மடக்கையில் அதே 3-ஐத் தொட 21 இனங்கள் வேண்டும், அதுவும் எல்லாம் சம எண்ணிக்கையில். 12 இனங்கள் மட்டும் வாழும் ஒரு நீர்நிலை இயற்கை மடக்கையில் எவ்வளவு முயன்றாலும் 2.48-ஐத் தாண்ட முடியாது. அதாவது அந்த அணைக்குத் 'தூய நீர்' என்ற பெயர் கிடைக்க வழியே இல்லை.

சரி, மடக்கையை மாற்றினால் பிரச்சினை தீர்ந்துவிடுமா என்று பேராசிரியர் கேட்டார். தீராது. குளிர்ந்த, பாசிக்கு உணவாகும் சத்துக் குறைந்த மலை நீரில் மிதவை உயிரிகளின் இனங்கள் இயல்பாகவே குறைவாக இருக்கலாம். இரண்டு மூன்று இனங்கள் மட்டும் பெருகி மற்றவை ஒதுங்கியிருப்பதும் அங்கே சகஜம். சமவெளியில் சத்து மிகுந்த வெதுவெதுப்பான நீரில் பிராக்கியோனஸ் என்ற ரோட்டிஃபர் பேரினம் மட்டுமே பல இனங்களாகப் பிரிந்து நிற்கும். சத்து மிகுதியே அங்கே இன எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுகிறது. ஓரளவு வரைக்கும், மாசு ஏற ஏறக் குறியீடும் ஏறும்.

ரோட்டிஃபர்களை வைத்துச் சத்து நிலையை அளக்கும் இன்னொரு வழியும் அறிக்கையில் இருந்தது. செக் ஆய்வாளர் ஸ்லாடெசெக் 1983-ல் சொன்ன விகிதம் அது: பிராக்கியோனஸ் இனங்களின் எண்ணிக்கையை டிரைக்கோசெர்கா என்ற இன்னொரு ரோட்டிஃபர் பேரினத்தின் இனங்களின் எண்ணிக்கையால் வகுப்பது. 1-க்குக் கீழ் என்றால் சத்துக் குறைந்த நீர், 2-க்கு மேல் என்றால் சத்து மிகுந்த நீர். இது ஐரோப்பாவின் குளிர் நாடுகளில் உருவானது. பிராக்கியோனஸ் வெப்ப நாடுகளில் இயல்பாகவே அதிக இனங்களைக் கொண்ட பேரினம். அதனால் நம் சமவெளி அணைகளில் இந்த விகிதம் உண்மையைவிட உயர்ந்து நிற்க வாய்ப்பு உண்டு. ஒரே அறிக்கையில் ஓர் அளவுகோல் கீழ் அணையைத் தூய நீர் என்றது, இன்னொன்று சத்து மிகுந்த நீர் என்றது. இந்த முரண்பாட்டை அறிக்கை கவனிக்காமல் கடந்து போயிருந்தது.

வலை, நேரம், இடம்

அளவுகோலை விட்டுவிட்டு மாதிரி எடுத்த முறைக்குப் போனோம். காலநிலை வேறுபாடு என்று நினைத்ததில் ஒரு பகுதி அங்கேதான் ஒளிந்திருந்தது.

கீழ் அணையில் 60 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) கண்ணி கொண்ட வலையைப் பயன்படுத்தியிருந்தார்கள். மேல் அணைக்குப் போனபோது அந்த வலை கிழிந்துவிட்டதால், வேறு துறையிலிருந்து 150 மைக்ரான் வலையை இரவல் வாங்கியிருந்தார்கள். ரோட்டிஃபர்களில் பல இந்தக் கண்ணி வழியாக எளிதில் வழுவிப் போகும் அளவுடையவை. மேல் அணையில் ரோட்டிஃபர் இனங்கள் குறைந்ததற்குக் குளிர் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

இடமும் வேறு. கீழ் அணையில் பரிசலில் சென்றாலும் கரையோரத்துக்கு அருகிலேயே மாதிரி எடுத்திருந்தார்கள். தண்ணீர் வற்றியிருந்த காலத்தில் வெளியே தெரிந்த தரையில் புல்லும் செடியும் முளைத்து, மழைக்குப் பின் அது மூழ்கியிருந்த இடம் அது. மூழ்கிய செடிகளுக்கு நடுவே லெக்கேன், மேக்ரோத்ரிக்ஸ், கைடோரஸ் போன்ற கரையோர உயிர்கள் நிறைய இருக்கும். அவை உண்மையில் மிதவை வாசிகள் இல்லை. செடிகளோடு ஒட்டி வாழ்பவை, அலையில் சிதறி வலைக்குள் வருபவை. கீழ் அணையின் இனப் பட்டியலில் கணிசமான பங்கு இவைதான். மேல் அணையிலோ அணைச் சுவரை ஒட்டிய ஆழமான திறந்த நீரில் மாதிரி எடுத்திருந்தார்கள்.

நேரமும் ஒன்றல்ல. மேல் அணைக்கு வண்டி போய்ச் சேர நண்பகல் ஆகிவிட்டது. தெளிந்த நீரில் பெரிய நீர்த்தெள்ளுகள் பகலில் ஆழத்துக்கு இறங்கிவிடும், இருட்டியபின் மேலே வரும். மீன் கண்ணில் படாமல் தப்பிக்க அவை பழகிய வழி அது. நண்பகலில் மேற்பரப்பில் வாளியால் மொண்டு வலையில் ஊற்றினால் அவை கிடைக்காது. கலங்கிய கீழ் அணையில் இந்த இறக்கம் குறைவு, அதனால் இழப்பும் குறைவு.

கடைசியாக எண்ணிக்கை. கீழ் அணை மாதிரியில் மாணவி எண்ணிய உயிர்கள் மேல் அணை மாதிரியில் எண்ணியதைப் போலப் பல மடங்கு. அதிக உயிர்களை எண்ணினால் அரிய இனங்களும் தலைகாட்டும். இதைச் சரி செய்யாமல் இன எண்ணிக்கையை ஒப்பிடுவது நியாயமில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பேராசிரியர், மாணவி, அலுவலகத்தின் திட்ட அலுவலர், நான் என நால்வரும் உட்கார்ந்து பேசினோம். பேச்சு எளிதாக இருக்கவில்லை. தரவரிசை இல்லையென்றால் அறிக்கையால் தனக்கு என்ன பயன் என்று அலுவலர் கேட்டார். அது நியாயமான கேள்விதான். விரலிகள் விடும் பருவம் நெருங்கிக்கொண்டிருந்தது, அவர் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

மூன்று அணைகளையும் ஒரே வரிசையில் நிறுத்துவதைக் கைவிடுவது என்பது முதல் முடிவு. 2,000 மீட்டர் உயரத்துக் குளிர்ந்த நீரையும் சமவெளியின் வெதுவெதுப்பான நீரையும் ஒரே எண்ணால் அளந்தால், அந்த எண் சொல்வது காலநிலையையா மாசையா என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஒவ்வோர் அணையையும் அதன் முந்தைய பருவங்களோடும், அதே அணையின் வேறு பகுதிகளோடும் ஒப்பிடுவது என்று தீர்மானித்தோம். அலுவலருக்கு வரிசை எண்ணுக்குப் பதில், ஒவ்வோர் அணைக்கும் 'எதைக் கவனிக்க வேண்டும்' என்ற குறிப்பு கிடைக்கும்.

இரண்டாவது, 'மாசு' என்ற சொல்லை மிதவை உயிரிகளை மட்டும் வைத்துச் சொல்வதில்லை. அதற்குப் பாஸ்பரஸ், பாசியின் அளவைக் காட்டும் பச்சையம், செக்கி ஆழம், குடல் நுண்ணுயிர்ச் சோதனை ஆகியவை சேர்ந்து வர வேண்டும். ஆக்சிஜனை மட்டும் வைத்தும் முடிவு கட்டக் கூடாது என்று பேசினோம். குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும் என்பது பாடப்புத்தகச் செய்தி. கடல் மட்டத்தில் 15 டிகிரி நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லிகிராமும் 30 டிகிரி நீர் 7.6 மில்லிகிராமும் கொள்ளும். ஆனால் 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அதே 15 டிகிரி நீர் அங்கே ஏறக்குறைய 8 மில்லிகிராம்தான் கொள்ளும். எண்ணைப் பார்த்து மலை நீரில் ஆக்சிஜன் குறைகிறது என்று யாராவது பதறிவிட வாய்ப்பு உண்டு.

அப்புறம் மாதிரி முறையை மாற்றினோம். மூன்று அணைக்கும் ஒரே 60 மைக்ரான் வலை. அடியிலிருந்து மேலே செங்குத்தாக இழுப்பது. பரிசல் ஓரிடத்தில் நில்லாமல் சுழலும், வலையைக் கிடைமட்டமாக இழுத்தால் எவ்வளவு நீர் வடிகட்டினோம் என்று சொல்லவே முடியாது. செங்குத்தாக இழுத்தால் கயிற்றின் நீளமே கணக்கைத் தந்துவிடும். திறந்த நீர், கரையோரம் இரண்டிலும் தனித்தனியாக எடுத்துத் தனித்தனிப் பட்டியலாக எழுதுவது. பகலில் ஒருமுறை, இருட்டிய பிறகு ஒருமுறை.

மாதிரியைப் பதப்படுத்துவதிலும் மாற்றம். ஃபார்மலினை நேராக ஊற்றினால் பல ரோட்டிஃபர்கள் சுருங்கி வெறும் உருண்டையாகிவிடும், நுண்ணோக்கியில் இனம் பிரிக்க முடியாது. நீர்த்தெள்ளுகளின் ஓடு உப்பி, முதுகில் சுமக்கும் முட்டைகள் வெளியே கொட்டிவிடும். அதனால் முதலில் கொஞ்சம் சோடா சேர்த்து அவற்றை மயங்க வைத்து, பிறகு சர்க்கரை கரைத்த ஃபார்மலினில் போடுவது என்று முடிவானது. அணைக்குப் போகும் வழியில் பெட்டிக்கடையில் வாங்கிய சோடாவே போதுமானதாக இருந்தது. மாணவி ஒரு துளி நீரில் அதைச் சேர்த்து நுண்ணோக்கியில் காட்டினார். சுழன்றுகொண்டிருந்த ரோட்டிஃபரின் வாய்ச் சக்கரம் மெல்ல வேகம் குறைந்து, உடல் நீண்டபடியே நின்றுபோனது. அந்த நிலையில் அதன் கால் விரல்களைக்கூட எண்ண முடிந்தது.

இனங்களை எண்ணுவதோடு உடல் நீளத்தையும் அளப்பது கடைசி முடிவு. 1965-ல் புரூக்ஸ், டாட்சன் இருவரும் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநில ஏரிகளை வைத்துக் காட்டிய விஷயம் இதற்கு அடிப்படை. மிதவை உயிரிகளைத் தின்னும் மீன் ஓர் ஏரிக்குள் வந்தால் பெரிய நீர்த்தெள்ளுகள் மறைந்து சிறியவை மேலோங்கும். மீன் விடுவது பற்றி முடிவெடுக்க வேண்டிய அலுவலருக்கு ஷானன் எண்ணைவிட இந்த நீளம் நேரடியாக உதவும்.

மறு ஆய்வில் கண்டவை

மேல் அணையில் ரோட்டிஃபர் இனங்கள் முதல் பட்டியலைவிடக் கூடின. வலைக் கண்ணியின் விளைவு உறுதியானது. இரவு மாதிரியில் டாஃப்னியா என்ற பெரிய நீர்த்தெள்ளு நல்ல எண்ணிக்கையில் வந்தது. பகலில் மேற்பரப்பில் ஏறத்தாழ இல்லாதிருந்த அதே உயிர்தான். முதிர்ந்தவை 2 மில்லிமீட்டர் அளவுக்கு இருந்தன, கண்ணாடிக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்தால் துள்ளித் துள்ளி நீந்துவது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. கூடவே போஸ்மினா என்ற சிறிய நீர்த்தெள்ளு, கலனாய்டு வகைக் கோபிபாடுகள், கெரட்டெல்லா காக்லியாரிஸ் என்ற ரோட்டிஃபர். கீழ் அணையோடு ஒப்பிட்டால் பட்டியல் இன்னும் சிறியதுதான். ஆனால் பாசியை மேயும் பெரிய உடல் கொண்ட உயிர்கள் இருப்பது, பாசி கட்டுக்குள் இருப்பதற்கும் மிதவை உயிர்களைத் தின்னும் மீன் அழுத்தம் குறைவாக இருப்பதற்கும் அடையாளம்.

கீழ் அணையின் கதை வேறு. கரையோர இனங்களைத் தனியே பிரித்ததும் திறந்த நீரின் பட்டியல் சுருங்கியது. மீதம் இருந்தவை: ரோட்டிஃபர்களில் பிராக்கியோனஸ் இனங்கள், கெரட்டெல்லா டிராபிக்கா, ஃபிலினியா; நீர்த்தெள்ளுகளில் மொய்னா, டயாஃபனோசோமா, செரியோடாஃப்னியா கார்னூட்டா; கோபிபாடுகளில் மீசோசைக்ளோப்ஸ். நீர்த்தெள்ளுகள் அனைத்தும் ஒரு மில்லிமீட்டரைச் சுற்றியோ அதற்குக் கீழோ இருந்தன. டாஃப்னியா கண்ணில் படவில்லை. சம எண்ணிக்கையிலான உயிர்களுக்குக் கணக்கிட்டபோது இரு அணைகளுக்கும் இடையே திறந்த நீரின் இன வேறுபாடு முதல் அறிக்கை காட்டிய அளவுக்கு இல்லை.

இதில் ஆச்சரியம் இல்லை. வெப்ப நாடு என்றால் எல்லா உயிர்க் கூட்டமும் அதிக இனங்களோடு இருக்கும் என்று நாம் பழகிவிட்டோம். நன்னீர் மிதவை உயிரிகளில் அது பொருந்தாது என்று இலங்கையில் பிறந்து கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சி.எச். ஃபெர்னாண்டோ நெடுங்காலத்துக்கு முன்பே எடுத்துக்காட்டினார். ஆசிய வெப்பமண்டல நீர்நிலைகளின் திறந்த நீரில் பெரிய டாஃப்னியாக்கள் அரிது என்பதையும் அவர் பதிவு செய்தார். காரணங்கள் ஒன்றோடொன்று பின்னியவை. இங்கே மீன்கள் ஆண்டு முழுவதும் குஞ்சு பொரிக்கின்றன, ஜிலேபிக் கெண்டை ஓர் உதாரணம். பெரிய உயிருக்கு ஓய்வு மாதமே கிடைப்பதில்லை. சூடான நீரில் பெரிய உடலுக்கு ஆற்றல் செலவு அதிகம். நீலப்பச்சைப் பாசியின் திரள்கள் பெரிய வடிகட்டிகளின் கால்களில் சிக்கி உணவு எடுப்பதையே கெடுக்கின்றன. மொய்னா போன்ற சிறிய உயிர் ஒரு வாரத்துக்குள் பிறந்து, வளர்ந்து, குட்டி போட்டுவிடும். வேகமாகப் பெருகுவதே அதற்குத் தற்காப்பு.

நடு அணையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மின் உற்பத்திக்காக அங்கே தண்ணீர் வந்த வேகத்தில் போய்விடுகிறது. மேல் அணைக்கும் கீழ் அணைக்கும் இடைப்பட்ட காலநிலை, ஆகவே இடைப்பட்ட உயிர்க்கூட்டம் என்று முதல் அறிக்கை எழுதியிருந்தது. உண்மையில் அங்கே ரோட்டிஃபர்களே மிகுதி. கோபிபாடு முட்டையிலிருந்து முதிர்ச்சி அடைய வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் அது மதகு வழியாக வெளியேறிவிடும். தண்ணீர் தங்கும் காலம்தான் அந்த அணையை ஆள்கிறது. காலநிலை ஒப்பீட்டிலிருந்து அதை விலக்கிவிட்டோம்.

காய்கறிச் சரிவை ஒட்டிய கிளை

மறு ஆய்வின் மிக முக்கியமான கண்டுபிடிப்பு மேல் அணைக்குள்ளேயே கிடைத்தது. அந்த நீர்த்தேக்கத்துக்குப் பல கிளைகள். பெரும்பாலானவை சோலைக்காடும் புல்வெளியும் சூழ்ந்தவை. ஒரு கிளையின் மேலே மட்டும் கேரட், உருளைக்கிழங்கு, முட்டைகோஸ் பயிரிடும் சரிவுகள். மழைக்குப் பின் அந்தக் கிளையில் நீர் செம்மண் நிறத்தில் இருந்தது. செக்கித் தட்டு மற்ற கிளைகளில் தெரிந்த ஆழத்தில் பாதிகூடத் தெரியவில்லை. பாஸ்பரஸும் பச்சையமும் அங்கே கூடுதல். டாஃப்னியா குறைந்து, ரோட்டிஃபர்கள் பெருகியிருந்தன. மலை உச்சிக் குளிரில் நாங்கள் எதிர்பார்க்காத பிராக்கியோனஸும் அங்கே தலைகாட்டியது.

இந்தக் கிளைக்கும் மற்றவற்றுக்கும் வெப்பநிலை ஒன்று, உயரம் ஒன்று, மழை ஒன்று. வேறுபட்டது சரிவில் நடக்கும் வேலை மட்டும். காலநிலை கலக்காத ஒப்பீடு இது. இந்தக் கிளையில் இன எண்ணிக்கை மற்ற கிளைகளைவிடச் சற்று அதிகமாகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் அறிக்கையின் அளவுகோலில் வைத்தால் அணையிலேயே கெட்டுவரும் பகுதிதான் 'நல்ல' மதிப்பெண் வாங்கியிருக்கும்.

அதன்பின் நடந்தவை

திருத்திய அறிக்கையில் தரவரிசை இல்லை. மேல் அணைக்கு 'மாசு' என்ற சொல் நீக்கப்பட்டது. காய்கறிச் சரிவை ஒட்டிய கிளை மட்டும் கவனிக்க வேண்டிய இடமாகக் குறிக்கப்பட்டது. மிதவை உயிரிகளைத் தின்னும் மீன்களை மேல் அணையில் புதிதாக விடுவதில்லை என்று அலுவலர் முடிவு செய்தார். டாஃப்னியாவை இழந்தால் தெளிந்த நீரையும் இழக்க நேரலாம் என்ற வாதம் அவருக்கு ஏற்புடையதாக இருந்தது.

கீழ் அணையில் கட்லா விரலிகளின் எண்ணிக்கையைக் கூட்டும் யோசனை தள்ளிவைக்கப்பட்டது. 'நல்ல நிலை' என்ற முதல் அறிக்கையை நம்பியிருந்தால் அந்தப் பருவத்திலேயே கூட்டியிருப்பார்கள். அதற்குப் பதில் கோடை முழுவதும் கண்காணிப்பு என்று ஏற்பாடு. பரிசல்காரப் பெரியவரிடமே ஒரு செக்கித் தட்டும் அளவு குறித்த கயிறும் குறிப்பேடும் தந்தார்கள். வெள்ளையும் கறுப்புமாக நான்கு பாகம் தீட்டிய 20 சென்டிமீட்டர் தகரத் தட்டு, அவ்வளவுதான். வலை விரிக்கப் போகும்போதெல்லாம் அவர் அதை இறக்கிப் பார்த்துக் குறித்து வந்தார்.

நீர்மட்டம் இறங்கத் தொடங்கியதும் அவர் குறிப்பில் ஆழம் சீராகக் குறைந்தது. அதைத் தொடர்ந்து மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி மேற்பரப்பில் திரண்டது. இந்த முறை தகவல் முன்கூட்டியே போயிருந்ததால், குடிநீர் எடுப்பவர்கள் மேற்பரப்பு நீரைத் தவிர்த்து ஆழமான வாயில் வழியாக எடுத்தார்கள். பாசித் திரளின்போது எடுத்த மாதிரியில் மொய்னாவும் டயாஃபனோசோமாவும் சரிந்து, மீசோசைக்ளோப்ஸும் சில ரோட்டிஃபர்களும் மட்டும் தாக்குப்பிடித்தன. பருவமழை வந்து அணை நிரம்பியதும், வற்றிய தரையில் உறங்கிக் கிடந்த முட்டைகள் பொரித்தும் கரையோர உயிர்கள் அடித்து வரப்பட்டும் இன எண்ணிக்கை மறுபடி ஏறியது. அணை நிரம்பும் வாரங்களில் எடுத்த மாதிரியை மட்டும் வைத்து அதன் நலத்தை யாரும் கணிக்க வேண்டாம் என்ற குறிப்பு அறிக்கையில் சேர்ந்தது.

மேல் அணையின் கிளையில் அவ்வளவு வேகமாக எதுவும் நடக்கவில்லை. சரிவுகளில் வரப்போரம் புல் வரிசை விடுவது பற்றித் தோட்டக்காரர்களோடு பேச்சு தொடங்கியது. சிலர் ஒப்புக்கொண்டார்கள். சிலர், ஒரு வரிசைப் புல் என்பது ஒரு வரிசை கேரட்டின் இழப்பு என்றார்கள். குத்தகை நிலத்தில் உழைப்பவருக்கு அது சிறிய இழப்பில்லை, அதற்கு ஈடு என்ன என்பதற்கு அப்போது யாரிடமும் விடை இல்லை.

அடுத்த சுற்றில் மாறுபவை

மாணவியின் அடுத்த களத் திட்டத்தில் சில மாற்றங்கள் எழுத்திலேயே உறுதியாகிவிட்டன. எந்த அணைக்குப் போனாலும் ஒரே அளவுள்ள இரண்டு வலைகள் கூடப் போகும், ஒன்று கிழிந்தாலும் இரவல் வலை வேண்டாம். குறியீடு எதுவானாலும் அது எந்த நாட்டில், எந்த உயிருக்காக, எந்த மடக்கையில் உருவானது என்று அட்டவணைக்குக் கீழேயே எழுதப்படும். மேல் அணையில் பருவமழை உச்சத்தில் படகு இறக்குவது ஆபத்து. அந்த மாதங்களில் மாதிரி இல்லாமல் போவதைக் காலி இடமாகவே காட்டுவார்கள், சராசரி போட்டு நிரப்ப மாட்டார்கள்.

மேல் அணையின் கலனாய்டு கோபிபாடு எந்த இனம் என்பது இன்னும் உறுதியாகவில்லை. ஆணின் ஐந்தாம் காலைப் பிரித்தெடுத்துப் பார்த்தால்தான் இனம் தெரியும், கிடைத்தவற்றில் முதிர்ந்த ஆண்கள் போதவில்லை. ஃபார்மலினில் போட்டவற்றிலிருந்து மரபணு எடுப்பதும் கடினம். அதனால் இனி ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு பங்கு 95 சதவீத எத்தனாலில் தனியாக வைக்கப்படும். அதற்கான குப்பிகளுக்குக் கல்லூரியில் அனுமதி கேட்டு விண்ணப்பம் போயிருக்கிறது.